கன்சோல் கத்தினால் எங்கிருந்து தொடங்குவது: ஒரு பங்க்கின் டேங்க் அலாரங்களைச் சரிசெய்த பதிவு

நான் போய்ப் பார்த்தபோது அந்தக் கன்சோலில் பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்றும் எரிந்துகொண்டிருந்தன. பச்சை மின்சாரத்துக்கு, அது எரியத்தான் வேண்டும். மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு அலாரம். பீப் சத்தம் வெளியே வரும் துளைகள்மேல் இன்சுலேஷன் டேப்பை மடித்து மடித்து ஒட்டியிருந்தார்கள். "எப்பவும் கத்திக்கிட்டே இருக்கும் சார், கணக்கு பார்க்க விடாது" என்றார் கேஷியர். திரையில் ஐந்தாறு வரிகள் மாறி மாறிச் சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றில் எது நேற்று வந்தது, எது போன மழைக்காலத்தில் வந்தது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.

பெட்ரோல் பங்க்கில் பூமிக்கடியில் இருக்கும் டேங்குகளைக் கண்காணிக்கும் பெட்டி இது. ஒவ்வொரு டேங்குக்குள்ளும் ஒரு புரோப் நின்றுகொண்டு எண்ணெய் மட்டம், அடியில் தேங்கிய தண்ணீர், வெப்பநிலை மூன்றையும் அனுப்பும். பம்ப் உட்கார்ந்திருக்கும் சம்ப் குழிகளிலும், இரட்டைச் சுவர் டேங்கின் இரு சுவர்களுக்கு நடுவிலும் திரவ சென்சார்கள் இருக்கும். குழாயில் கசிவு பார்க்க அழுத்த சென்சார் தனி. எல்லாக் கம்பியும் ஆபீஸ் சுவரில் மாட்டிய இந்தப் பெட்டிக்குத்தான் வரும். கம்பெனிக்குக் கம்பெனி பட்டனும் திரையும் மாறும். வேலை செய்யும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதல் வேலையாக டேப்பை உரித்தேன். பெரும்பாலான கன்சோல்களில் அலாரம் பட்டனை அழுத்தினால் சத்தம் மட்டும்தான் நிற்கும். கோளாறு சரியாகும் வரை விளக்கு அணையாது. புதிதாக இன்னொரு அலாரம் வந்தால் மறுபடி பீப் அடிக்கும். ஆக, பழைய கோளாறு ஒன்று தீராமல் சிவப்பு எரிந்துகொண்டிருக்கும் இடத்தில் புதிதாக ஏதோ நடந்திருக்கிறது என்று சொல்ல அந்தச் சத்தத்தை விட்டால் வேறு வழி இல்லை. அதன் வாயையும் டேப் போட்டு அடைத்துவிட்டால் பெட்டி இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான்.

பட்டனைத் தொடுவதற்கு முன்னால் திரையில் இருக்கும் வரியைப் படித்து எழுதிக்கொள்ளவேண்டும்: எந்த டேங்க் அல்லது எந்த சென்சார், என்ன வகை அலாரம், மணி என்ன. சில மாடல்களில் சத்தத்தை நிறுத்தியதும் திரை வேறு பக்கத்துக்குப் போய்விடும்; அப்புறம் மெனுவுக்குள் தேடவேண்டியிருக்கும். கேஷியரிடம் ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்து, எழுதிவிட்டு அழுத்துங்கள் என்று மட்டும் சொன்னேன்.

பேப்பரும் கடிகாரமும்

சுற்றிக்கொண்டிருந்த வரிகளில் ஒன்று, பிரிண்டரில் பேப்பர் தீர்ந்தது. அற்பமாகத் தெரியும். ஆனாலும் அதைத்தான் முதலில் முடித்தேன். அலாரம் வரலாறு கையில் இல்லாமல் எதைத் தொட்டாலும் குருட்டு வேலைதான். தெர்மல் பேப்பரில் ஒரு பக்கத்தில் மட்டுமே பூச்சு இருக்கும். எந்தப் பக்கம் என்று சந்தேகம் வந்தால் நகத்தால் அழுத்திக் கீறினால் போதும், பூச்சுப் பக்கம் கறுக்கும். அந்தப் பக்கம் பிரிண்டர் தலையைப் பார்த்து இருக்கவேண்டும். இந்தத் தாள் வெயிலில் வெளுத்துவிடும், சூடு பட்டால் கறுத்துவிடும் என்பதால் அச்சடித்ததை அன்றைக்கே நகல் எடுத்து வைத்தேன்.

மூன்று தாள் எடுத்தேன்: இப்போது நடப்பில் இருக்கும் அலாரங்கள், பழைய அலாரங்களின் வரலாறு, கன்சோலின் முழு அமைப்பு விவரம். மூன்றாவதை யாரும் எடுப்பதில்லை. டேங்கின் விட்டம், புரோப்பின் நீளம், அலாரம் எல்லைகள், எந்த சென்சாருக்கு என்ன பெயர் என்று அத்தனையும் அதில் இருக்கும். கரண்ட் போனாலும் இவற்றைப் பிடித்து வைத்திருப்பது போர்டில் இருக்கும் சின்ன பேட்டரி. அது செத்திருக்கும்போது மெயின் சுவிட்சை அணைத்தால் எல்லாம் அழிந்து, மறுபடி முதலிலிருந்து எண்களைப் போடவேண்டியிருக்கும். "ஒருமுறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்ற அறிவுரை மற்றப் பெட்டிகளுக்குச் சரி. இதற்கு, அமைப்புத் தாள் கையில் இல்லாமல் கூடவே கூடாது.

வரலாற்றுத் தாளைப் படித்ததில் ஒன்று உறுத்தியது. லோடு இறக்கியதாகக் கன்சோல் குறித்திருந்த நேரமெல்லாம் நள்ளிரவை ஒட்டி இருந்தது. அங்கே டேங்கர் லாரி வருவது பகலில். கன்சோலின் கடிகாரம் ஏறக்குறைய அரை நாள் தள்ளி ஓடிக்கொண்டிருந்தது. நேரத்தைத் திருத்துவது ஒரு நிமிட வேலை. ஆனால் அந்தத் தவறான நேரம் எங்கெல்லாம் போய் இடித்திருக்கிறது என்பது அடுத்தடுத்துத்தான் தெரிந்தது.

சம்ப்பில் திரவம்

நடப்பு அலாரங்களில் பெரியது, ஒன்றாம் டேங்கின் பம்ப் சம்ப்பில் திரவம் என்பது. மூடியைத் திறப்பதற்கு முன்னால் ஒரு விஷயம். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது; குழிக்குள் போய்த் தங்கிவிடும். காற்றில் ஒன்றரை சதவீதம் அளவுக்குக் கலந்தாலே பற்றிக்கொள்ளும். அதனால் செல்போன், சாதாரண டார்ச் எதுவும் அருகில் கிடையாது. பற்றக்கூடிய ஆவி இருக்கும் இடத்துக்கென்று சான்று பெற்ற விளக்கு மட்டும்தான். சுற்றித் தடுப்பு வைத்து வண்டிகளை ஓரம் கட்டி, மூடியைத் திறந்து கொஞ்ச நேரம் விட்டேன். குழிக்குள் தலையை விடுவதோ இறங்குவதோ கிடையாது. நீளக் கம்பியால் எட்டும் வேலையைத்தான் மேலிருந்து செய்யவேண்டும்.

உள்ளே ஒரு சாண் அளவுக்குக் கலங்கல் நீர். மேலே வானவில் மாதிரி மெல்லிய எண்ணெய்ப் படலம். அங்கே இருந்தது சாதாரண மிதவை சென்சார். திரவம் வந்தால் மிதவை தூக்கும், சுவிட்ச் மாறும், அவ்வளவுதான். தண்ணீரா பெட்ரோலா என்று அதற்குத் தெரியாது. பிரித்துச் சொல்லும் சென்சார்கள் உண்டு, ஆனால் எல்லா இடத்திலும் இருக்காது. எனவே ஆழம் அளக்கும் கம்பியான டிப் ராடில் ஒரு பக்கம் தண்ணீர் பட்டால் நிறம் மாறும் வாட்டர் பேஸ்ட்டும், மறுபக்கம் பெட்ரோல் பட்டால் நிறம் மாறும் பெட்ரோல் பேஸ்ட்டும் தடவி இறக்கினேன். வாட்டர் பேஸ்ட் முழு உயரத்துக்கும் நிறம் மாறியது. பெட்ரோல் பேஸ்ட் மேலே ஒரு கோடு மட்டும் காட்டியது. மழைத் தண்ணீர். தண்ணீர் புகாமல் மூடியை அடைக்கும் கேஸ்கெட் விரலால் தொட்டாலே உதிர்ந்தது.

எண்ணெய் கலந்த தண்ணீரைச் சாக்கடையில் விடக்கூடாது. கைப்பம்பால் டிரம்மில் எடுத்து, மூடிவைத்து, கழிவு எண்ணெய் எடுப்பவர்களிடம் கொடுக்கச் சொன்னேன். குழியைத் துடைத்துக் காயவைத்ததும் திரையில் அந்த வரி தானாகவே போனது.

சரி, மற்ற சம்ப்புகளையும் பார்த்துவிடலாம் என்று இரண்டாம் டேங்கைத் திறந்தேன். அதில் அலாரமே இல்லை. உள்ளே முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர்! சென்சாரைக் கேபிள் டை போட்டுப் பம்ப் குழாயின் மேல் பாதியில் கட்டிவைத்திருந்தார்கள். சத்தம் தாங்காமல் யாரோ கண்டுபிடித்த வழி. குழாய் நுழையும் ஓட்டைகளுக்கு மேலே சென்சார் தொங்கினால், எண்ணெய் கசிந்து அந்த ஓட்டை வழியாக மண்ணுக்குள் போன பிறகும் சென்சார் உலர்ந்தே இருக்கும். அலாரத்தை மௌனமாக்கும் வழிகளில் இதுதான் மோசமானது என்பேன். டேப் ஒட்டினால் கண்ணுக்குத் தெரியும். இது மூடிக்குக் கீழே மறைந்துவிடுகிறது.

தண்ணீரை எடுத்து, சென்சாரை அடிமட்டத்தில் செங்குத்தாக நிறுத்திய பிறகு, ஒவ்வொரு சென்சாரையும் வெளியே எடுத்து ஒரு வாளித் தண்ணீரில் இறக்கிச் சோதித்தேன். நான் வெளியே வாளியோடு, கேஷியர் உள்ளே திரைக்கு முன்னால். நான் இரண்டாம் டேங்கின் சென்சாரை முக்கினால் அவர் மூன்றாம் டேங்க் என்று படிக்கிறார். மூன்றாவதை முக்கினால் இரண்டு என்கிறார். பெயரிடும்போதோ கம்பி மாட்டும்போதோ இரண்டும் இடம் மாறியிருக்கின்றன. அந்தக் கன்சோலை நம்பி ஓடினால் தப்பான குழியைத் திறந்து, "ஒண்ணும் இல்லையே, சும்மா அடிக்குது" என்று திரும்பி வந்திருப்பார்கள். பல தடவை அப்படித்தான் வந்திருப்பார்கள் என்று தோன்றுகிறது. அமைப்பில் பெயரை மாற்றி, மறுபடி முக்கிப் பார்த்து உறுதிசெய்தேன்.

அடியில் தண்ணீர்

டீசல் டேங்கில் தண்ணீர் அதிகம் என்ற அலாரம். திரையில் 48 மில்லிமீட்டர். பேஸ்ட் தடவிய டிப் ராட் 12 காட்டியது. இந்த வித்தியாசம் சின்னது போலத் தோன்றும். டேங்க் படுத்த உருளை என்பதால் அடியில் உயரம் கூடக்கூட அகலமும் கூடுகிறது. 2 மீட்டர் விட்டமும் 20,000 லிட்டர் கொள்ளளவும் உள்ள டேங்கில் 12 மில்லிமீட்டர் என்றால் சுமார் 16 லிட்டர். 48 என்றால் சுமார் 125 லிட்டர். உயரம் நான்கு மடங்கு, அளவு எட்டு மடங்கு.

எது உண்மை? டேங்க் கொஞ்சம் சாய்ந்திருந்தால் தண்ணீர் தாழ்ந்த முனையில் சேரும், புரோப் நிற்கும் இடமும் டிப் போடும் இடமும் வேறு வேறு எண் காட்டும். லோடு இறக்கிய உடனே பார்த்தாலும் கலங்கிக் கிடக்கும். இரண்டையும் கழிக்க, கலங்கல் அடங்கியபின் புரோப்புக்கு அருகில் இருக்கும் வாயிலும் டிப் போட்டேன். அங்கேயும் 12-ஐ ஒட்டித்தான். அப்படியென்றால் மிதவையில் கோளாறு.

புரோப் என்பது ஒரு நீளக் கம்பிக்குழல். அதில் இரண்டு மிதவைகள் மேலும் கீழும் வழுக்கும். மேலே உள்ளது எண்ணெய் மட்டத்தில் மிதக்கும். கீழே உள்ளது எண்ணெயில் மூழ்கி, தண்ணீரில் மட்டும் மிதக்கும் அளவுக்குக் கனமாகச் செய்தது. இரண்டிலும் காந்தம் உண்டு. குழலுக்குள் ஓடும் கம்பியில் கன்சோல் ஒரு மின்துடிப்பை அனுப்பும். காந்தம் இருக்கும் இடத்தில் கம்பி நுண்ணியதாக முறுக்கிக்கொள்ளும், அந்த முறுக்கு நொடிக்கு ஏறக்குறைய 2,800 மீட்டர் வேகத்தில் திரும்பி வரும். வர எடுத்த நேரத்தை வைத்து மிதவை எங்கே இருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். மின்னணுப் பகுதி அநேகமாகப் பொய் சொல்லாது. மிதவை சிக்கிக்கொண்டால், சிக்கிய இடத்தைத் துல்லியமாகச் சொல்லும்.

புரோப்பை மெதுவாக உருவி எடுத்தேன். வேகமாக இழுத்தால் மிதவை அடித்துக்கொள்ளும், குழலும் வளையும். கீழ் மிதவைக்கு அடியில் கறுப்பான பிசின், கிள்ளி எடுக்கும் பதத்தில். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து விட்டுப்போகும் சளி அது. மிதவை அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, கீழே தண்ணீர் இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தது. சுத்தமான டீசலில் நனைத்த நூல் உதிராத துணியால் குழலையும் மிதவையின் உள்வட்டத்தையும் துடைத்தேன். சாய்த்தால் மிதவை தானாக வழுக்கி இறங்கவேண்டும், இறங்கியது. திரும்ப நிறுத்தியதும் 13 காட்டியது. அந்தச் சளி புரோப்பில் மட்டும் இருக்காது, டேங்கின் அடி முழுக்க இருக்கும். ஆகவே அடித் தண்ணீரை எடுத்து டேங்கைச் சுத்தம் செய்ய எழுதிக்கொடுத்தேன்.

எத்தனால் கலந்த பெட்ரோல் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் இன்னொன்றைக் கவனிக்கவேண்டும். 10 சதவீத எத்தனால் உள்ள பெட்ரோல் சுமார் அரை சதவீதம் வரை தண்ணீரைத் தனக்குள்ளேயே கரைத்து வைத்துக்கொள்ளும். அதுவரை அடியில் தண்ணீரே தெரியாது. அந்த அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து கீழே இறங்கும். அந்த அடுக்கு சுத்தத் தண்ணீரைவிட லேசானது என்பதால் பழைய வகைத் தண்ணீர் மிதவை அதில் தூக்காமலே போகலாம். சில சமயம் சாதாரண வாட்டர் பேஸ்ட்டும் சரியாக நிறம் மாறாது. அதற்கென்று இருக்கும் மிதவையும் பேஸ்ட்டும்தான் வேண்டும். தண்ணீர் அலாரம் வரவில்லை என்பதை வைத்து எத்தனால் பெட்ரோல் டேங்க் சுத்தமாக இருக்கிறது என்று நான் எழுதித்தர மாட்டேன்.

புரோப் இல்லை என்ற அலாரம்

வரலாற்றில் மூன்றாம் டேங்குக்கு அடிக்கடி வந்து போன வரி இது. கன்சோலுக்கும் புரோப்புக்கும் தொடர்பு அறுந்தால் வரும். பவரை முறைப்படி அணைத்து, கன்சோலில் மூன்றாம் புரோப்பின் கம்பியை நன்றாக வேலை செய்யும் இன்னொரு முனையில் மாட்டிப் பார்த்தால் கோளாறு கம்பியோடு கூடவே போனது. ஆக போர்டு நல்லது, வெளியேதான் பிரச்சினை. புரோப்புக்கு மேலே இருக்கும் ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தால் கம்பியை முறுக்கி பி.வி.சி. டேப் சுற்றி விட்டிருந்தார்கள். உள்ளே ஈரம், செம்பு பச்சை பூத்திருந்தது. இங்கே எபாக்சி ஊற்றி அடைக்கும் பொட்டலம்தான் போடவேண்டும். அதற்கு ஈரம் பாதிக் காரணம்தான். இந்தக் கம்பிகள் பொறி உண்டாக்க முடியாத அளவுக்கு மின்சாரத்தைக் கட்டுப்படுத்திய சுற்று. மெயின் லைன் ஓடும் பைப்பில் இவற்றைச் சேர்த்து இழுப்பதோ, கிடைத்த கம்பியை ஒட்டுப் போடுவதோ அந்தப் பாதுகாப்பையே குலைத்துவிடும். புதுக் கம்பி, புது எபாக்சி, வேலை முடிந்தது.

டேங்க் கிட்டத்தட்டக் காலியாகும்போது எண்ணெய் மட்டம் செல்லுபடியாகாது என்று வரும் அலாரத்துக்குப் புரோப்பைப் பிரிக்கத் தேவையில்லை. இரண்டு மிதவைகளும் மிக அருகில் வந்துவிட்டதால் கன்சோலால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. லோடு வந்தால் போய்விடும்.

லோடு இறங்கும்போது

வெளியே டேங்குகள் பக்கம் ஒரு ஹூட்டரும் சுழல் விளக்கும் மாட்டியிருந்தார்கள். லோடு இறங்கும்போது டேங்க் நிரம்பிவருகிறது என்று டிரைவருக்குச் சொல்ல. அது எப்போது கடைசியாக அடித்தது என்று கேட்டால் அடித்ததே இல்லை என்றார்கள். பெருமையாகவே சொன்னார்கள். அமைப்புத் தாளைப் பார்த்தேன்: எல்லை 97 சதவீதம்.

வழக்கமாக 90 சதவீதத்தில் எச்சரிக்கவேண்டும், 95-ல் வால்வு தானாக அடைக்கவேண்டும். 20,000 லிட்டர் டேங்குக்கு 18,000-மும் 19,000-மும். லாரியிலிருந்து சும்மா புவியீர்ப்பில் இறங்கினாலே நிமிடத்துக்கு ஆயிரம் லிட்டர் வேகத்தில் வரக்கூடும். அதாவது எச்சரிக்கைக்கும் அடைப்புக்கும் நடுவில் டிரைவருக்குக் கிடைப்பது ஒரு நிமிடம். 97-ல் அடித்தால் அவருக்கு எதற்கும் நேரமில்லை.

எல்லையை 90-க்கு இறக்கி, சோதித்துப் பார்க்கப் புரோப்பை வெளியே எடுத்து மேல் மிதவையைக் கையால் மெல்ல மேலே தள்ளினேன். கன்சோலுக்கு டேங்க் நிரம்புவது போலத் தெரியும். 90-ஐத் தாண்டியதும் பெட்டிக்குள் ரிலே 'டிக்' என்றது. சுழல் விளக்கு சுழன்றது. ஹூட்டர் ஊமையாக நின்றது. ஏணி போட்டு ஏறிப் பார்த்தால் ஹூட்டரின் வாயில் குளவி மண்கூடு கட்டி, காய்ந்து கல்லாகியிருந்தது. குத்தி எடுத்ததும் அது போட்ட சத்தத்தில் பங்க்கில் நின்ற எல்லாரும் திரும்பினார்கள்.

இது அடித்தால் டிரைவர் செய்யவேண்டியது ஒன்றுதான்: முதலில் லாரி வால்வை மூடவேண்டும். ஹோஸைக் கழற்றக்கூடாது, அதற்குள்ளேயே இன்னும் எண்ணெய் இருக்கும், அது டேங்குக்குள் வடியக் கொஞ்சம் இடம் வேண்டும். அலாரச் சத்தத்தை நிறுத்தும் சுவிட்சை அதற்கப்புறம் அழுத்தலாம். அடிக்காமலே இருக்க வழியும் உண்டு: 90 சதவீத அளவிலிருந்து இப்போதைய இருப்பைக் கழித்து, வரும் லோடு அதற்குள் அடங்குமா என்று ஹோஸ் மாட்டுவதற்கு முன்பே டிப் போட்டுப் பார்ப்பது.

கசிவுச் சோதனை

இங்கேதான் அந்தக் கடிகாரம் வந்து இடித்தது. டேங்கில் கசிவு இருக்கிறதா என்று கன்சோல் தானே குறித்த நேரத்தில் சோதிக்கும். பரவலாகப் புழங்கும் பெட்டிகள் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அளவுகோலை ஒட்டிச் செய்தவை: மணிக்கு 0.2 கேலன், அதாவது சுமார் முக்கால் லிட்டர் கசிந்தாலும் 95 சதவீத நம்பகத்தோடு கண்டுபிடிக்கவேண்டும், தவறாகக் கசிவு என்று சொல்வது 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அவ்வளவு சின்ன வித்தியாசத்தைப் பிடிக்க டேங்க் அசையாமல் இருக்கவேண்டும். விற்பனை கூடாது, லோடு கூடாது. அதனால்தான் ஆளில்லாத பின்னிரவு நேரத்தில் வைப்பார்கள். கடிகாரம் அரை நாள் தள்ளி ஓடியதால், பின்னிரவு என்று அது நினைத்தது பிற்பகல். நாசில்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது சோதனை நடத்தி, டேங்கில் திடீர் இழப்பு என்று தினமும் கத்தியிருக்கிறது!

நேரம் திருத்தியபின் டேங்குகள் தேறின, ஒரு பெட்ரோல் டேங்க் தவிர. அன்று சாயங்காலம் அதில் லோடு இறங்கியிருந்தது. வெயிலில் வந்த பெட்ரோல் மண்ணுக்கடியில் குளிரும்போது சுருங்கும். 10,000 லிட்டர் பெட்ரோல் 1 டிகிரி குளிர்ந்தால் சுமார் 12 லிட்டர் குறையும். டீசல் என்றால் 8-ஐ ஒட்டி. தேடுவதோ மணிக்கு முக்கால் லிட்டர். கன்சோல் வெப்பநிலையைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் என்றாலும் லோடு இறங்கிய புதிதில் அடுக்கடுக்காக வேறு வேறு சூடு இருக்கும். அதற்காக, லோடுதான் காரணம் என்று ஊகித்து விட்டுவிடவில்லை. அந்த டேங்கின் விற்பனையை நிறுத்தி, டிப் எடுத்து, தொடக்க இருப்பு, வரவு, மீட்டர் விற்பனை மூன்றையும் வைத்துக் கணக்கை ஒப்பிட்டேன். பொருந்தியது. பல மணி நேரம் அசையாமல் விட்டபின் நடத்திய சோதனையில் தேறியது. அப்புறம்தான் விற்பனை.

டீசல் குழாயில் கசிவு என்ற அலாரம் நான் அங்கே இருக்கும்போதே வந்தது. அழுத்தச் சோதனையில் மணிக்கு 3 கேலன், சுமார் 11 லிட்டர் அளவுக் கசிவு தெரிந்தால் கன்சோல் அந்தப் பம்ப்பையே நிறுத்திவிடும். வரிசையில் வண்டிகள். கேஷியரின் கை பழக்கத்தில் மெயின் சுவிட்சுக்குப் போனது. அணைத்துப் போட்டால் அலாரம் மறைந்து பம்ப் ஓடும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த வித்தை. வரலாற்றுத் தாளில் இதே வரி திரும்பத் திரும்ப இருந்தது, ஒவ்வொன்றுக்கும் அடுத்த வரி மின்சாரம் போய் வந்ததாக.

டீசல் நாசில்களுக்குத் தடுப்பு வைக்கச் சொல்லிவிட்டு வண்டிக்கு டீசல் போடும் ஒவ்வொரு டிஸ்பென்சரின் கீழ்க் கதவையும் திறந்தேன். கடைசி டிஸ்பென்சரில், வண்டி மோதினால் குழாயை அடைக்கும் அவசர வால்வுக்குக் கீழே உள்ள இணைப்பில் டீசல் கோர்த்துச் சொட்டு சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. கீழே இருந்த தொட்டியில் விரல் ஆழத்துக்கு டீசல். அந்தத் தொட்டியில் சென்சார் கிடையாது. தொட்டி நிறைந்திருந்தால் மண்ணுக்குள் போயிருக்கும். குழாய்க்காரர் வந்து இணைப்பைப் பிரித்து, சீலை மாற்றி, முழு லைனுக்கும் அழுத்தச் சோதனை வைத்துத் தேறிய பிறகே பம்ப்பை விட்டோம். அந்தத் தொட்டிக்கும் ஒரு சென்சார் வேண்டும் என்று எழுதிக்கொடுத்தேன்.

கன்சோல் பக்கத்துச் சுவரில் இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. வரியைப் படி, எழுது, சத்தத்தை நிறுத்து. குழாய்க் கசிவு, டேங்க் கசிவு, சம்ப்பில் திரவம் என்றால் அந்த டேங்கின் விற்பனையை உடனே நிறுத்திவிட்டு மேனேஜரைக் கூப்பிடு. தண்ணீர் அதிகம் என்றாலும் நிறுத்து, பேஸ்ட் போட்டு டிப் எடு. பேப்பர், குறைந்த இருப்பு மாதிரி வரிகளை ஷிஃப்ட் முடிவதற்குள் பார். மெயின் சுவிட்சைத் தொடாதே. அதன் மேல் பூட்டு போட்டு சாவியை மேனேஜரிடம் கொடுத்தாயிற்று. நோட்டில் அலாரம் ஒவ்வொன்றுக்கும் எதிரே என்ன பார்த்தோம், எதை வைத்துப் பார்த்தோம் என்ற இரண்டு கட்டமும் நிரப்பவேண்டும். இரண்டாவதில் "கன்சோல்" என்று எழுதினால் செல்லாது. டிப் ராட், பேஸ்ட், கண், கணக்குப் புத்தகம் ஏதாவது ஒன்று இருக்கவேண்டும்.

பாக்கி இருப்பவை: ஒன்றாம், இரண்டாம் டேங்க் சம்ப் மூடிகளுக்குப் புது கேஸ்கெட், டீசல் டேங்க் சுத்தம், கடைசி டிஸ்பென்சர் தொட்டிக்கு சென்சார். கேஸ்கெட் வரும் வரை ஒவ்வொரு மழைக்கும் பிறகு அந்த சம்ப்புகளைத் திறந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.